கடைசிப் பெட்டியின் சிவப்பு

கிரிம்வொர்த்,
ஆகஸ்ட் 18, 1871

யார்க்‌ஷயர் சீமையின் மரச்செருப்புச் சக்கரவர்த்தியும், கிரிம்வொர்த் பித்தளை வாத்தியக் குழுவின் பெரிய டிரம்முக்கு ஆயுட்கால அதிபதியுமான உன் தாய்மாமன் ஈனாக் ஆக்ராய்ட், மருமகள் ஹெஸ்டருக்கு எழுதிக்கொள்வது. ஸ்கார்பரோவில் உன் உடம்பு எப்படி இருக்கிறது? புது விடுதிச் சமையலறை பழகிவிட்டதா? கடல் காற்று ஒத்துக்கொள்கிறதா? என் கழுத்தெலும்பில் ஒன்று இரண்டாகிவிட்டது. மற்றவர்களுக்கு இரண்டு என்றால் எனக்கு மூன்று. ஆகவே நான் லாபத்தில் இருக்கிறேன்.

செய்தி உனக்கு எட்டியிருக்கும். ஆனாலும் குடும்பத்தின் சரித்திர ஆசிரியன் என்ற முறையில் நான் சொல்லியாகவேண்டும். ஆலை விடுமுறைக்கு ஊரே கடலுக்குப் புறப்பட்ட சனிக்கிழமை அல்லவா? ஒரு ஸ்பெஷல் வண்டி என்றுதான் ஏற்பாடு. கூட்டத்தைப் பார்த்துக் கம்பெனிக்காரர்கள் மிரண்டுபோய் நின்ற நிலையில் அதை இரண்டாக்கினார்கள். முதல் வண்டியில் நீ போய்விட்டாய். பின்னால் வந்த இரண்டாவதில் நாங்கள், வாத்தியங்களோடு. பீட்லேன் கைகாட்டியில் உன் அண்ணன் ஏமஸ். முதல் வண்டி போனதும் இனி ஒன்றும் வராது என்று நிலக்கரி வண்டியைப் பாதைக்குக் குறுக்கே விட்டிருக்கிறான். நாங்கள் வளைவு திரும்பினோம். சரிவு. பிரேக் பிடித்தும் நிற்கவில்லை. நான் என் டிரம்முக்குள்ளேயே தலைகீழாகப் போய் விழுந்தேன், பிழைத்தேன். எனக்கு அடுத்து உட்கார்ந்து கொம்பு வாசித்துக்கொண்டிருந்த டைசன் பிழைக்கவில்லை. மொத்தம் ஒன்பது பேர். இந்த எண்ணை மட்டும் நான் பெரிதாக்கவில்லை.

ஏமஸைக் கொண்டுபோய்விட்டார்கள். அலட்சியத்தால் ஆன மனிதக் கொலை என்று வழக்கு. இந்தக் கிளைப் பாதையில் தந்திக் கம்பி கிடையாது என்பது உனக்குத் தெரியும். பின்னால் இன்னொரு ஸ்பெஷல் வருகிறது என்றால் முன்னால் போகிற வண்டியின் வாலில் கார்டு ஒரு சிவப்புக் கொடி கட்டவேண்டும். அதைப் பார்த்தால் கைகாட்டிக்காரன் பாதையைத் தொடக்கூடாது. கொடி இல்லவே இல்லை என்கிறான் ஏமஸ். கட்டினேன் என்கிறான் முதல் வண்டியின் கார்டு பிக்கிள்ஸ். இரண்டில் ஒருவன் பொய்யன். நம் குடும்பத்தில் பொய் சொல்லும் உரிமை என் ஒருவனுக்குத்தான் உண்டு. ஆகவே பொய்யன் பிக்கிள்ஸ். அதை நிரூபிக்கும்வரை இந்தக் கை டிரம் கோலைத் தொடாது. எப்படியும் தொட முடியாது, கட்டுப்போட்டிருக்கிறார்கள்.

நேரத்துக்குச் சாப்பிடு.
உன் மாமன், ஈனாக்

*

ஸ்கார்பரோ,
ஆகஸ்ட் 23

அன்புள்ள மாமாவுக்கு ஹெஸ்டர் வணக்கத்துடன் எழுதுவது. என் உடம்புக்கு ஒன்றும் இல்லை. உங்கள் எலும்பைத் தயவுசெய்து அசைக்காமல் வைத்திருங்கள்.

மீன்காரி வாசலில் வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும். கையிலிருந்த வெங்காயத்தை உரித்துக்கொண்டே இருந்தேனாம். அம்மா அப்பா போன பிறகு என்னை வளர்த்தது அண்ணன்தான், உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. அவன் மழை பெய்கிறது என்று சொன்னாலே வெளியே கை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் சொல்லுவான். கொடி இல்லை என்றால் இல்லைதான் மாமா.

சிறையில் அவனைப் பார்க்க விட்டால் எனக்காக ஒன்று சொல்லவேண்டும். கிளம்புவதற்கு முந்தின நாள் அவனிடம், "கடைசிப் பெட்டி ஜன்னல்ல என் சிவப்புச் சால்வையக் கட்டி வுடுறேன்ணா. அதப் பாத்துக் கை ஆட்டு. நான் போறேன்னு தெரிஞ்சுக்க" என்றேன். ஆனால் கடைசிப் பெட்டியில் இடம் கிடைக்கவில்லை, முன்னால் தள்ளி ஏற்றிவிட்டார்கள். சால்வை மூட்டையிலேயே இருந்துவிட்டது. சொன்னதைச் செய்யவில்லை, மன்னித்துக்கொள் என்று சொல்லுங்கள். ஊர் எரியும்போது இது ஒரு விஷயமா என்பீர்கள். ஆனால் சொல்லிவிட்டு அவனை வேறு பக்கம் தேடவைத்துவிட்டேனே என்று எனக்கு உறுத்துகிறது.

உங்கள் அன்பு மருமகள், ஹெஸ்டர்

*

கிரிம்வொர்த்,
செப்டம்பர் 5

சமையலறை மகாராணிக்கு மாமன் எழுதுவது. உன் நலம் எழுது. என் எலும்பு ஒட்டிக்கொண்டு வருகிறது. அதைத் தொட்டுப் பார்க்க மூன்று மாவட்டத்து வைத்தியர்கள் வரிசையில் நிற்கிறார்கள்.

விசாரணை என் தலைமையில் ஜோராக நடக்கிறது. லண்டனிலிருந்து சர்க்கார் ஒரு கர்னலையும் அனுப்பியிருக்கிறது, பெயர் வின்யார்டு. ஆளைவிட மீசை பெரிது. பாலத்துக்கடியில் மீசை நுழைந்து சற்று நேரம் கழித்துத்தான் கர்னல் நுழைவார். தண்டவாளத்தைச் சங்கிலி வைத்து அளக்கிறார், குனிந்து முகர்ந்து பார்க்கிறார். நான் போய் நின்றேன்.

"நீர் யாரய்யா?"

"தலைமைச் சாட்சிங்க. மோதுறப்ப உள்ளதான் இருந்தேன்."

"என்ன பாத்தீர்?"

"டிரம்மோட உள்பக்கத்த."

மீசை ஆடிற்று. சிரித்தார் என்று நினைக்கிறேன். பிறகு கேட்டார், "முதல் வண்டியில கொடி இருந்துச்சா?" நான் இல்லை என்றேன். வாத்தியக் குழு மொத்தமும் இல்லை என்றது. அந்த நேரத்தில் நாங்கள் பிளாட்பாரத்தில் டிரம்மை எந்தக் கதவு வழியாக ஏற்றுவது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தோம் என்பது உண்மை. ஆனாலும் இல்லாததை யாரும் பார்க்காமலே சொல்லலாம் அல்லவா?

பிக்கிள்ஸுக்கு ஊரில் யாரும் ரொட்டி விற்பதில்லை. அவன் வீட்டு ஜன்னலைக் கல் ஒன்று முத்தமிட்டது. யார் எறிந்தது என்று எனக்குத் தெரியாது, என் கை கட்டுக்குள் இருந்தது. அவன் மனைவி தெருவில் என்னை மறித்து, "ஈனாக், எங்க வூட்டுக்காரரு கட்டுனாரு. பைபிள் மேல அடிச்சுச் சொல்லுவாரு" என்றாள். "பைபிளுக்கு வலிக்கும் தாயி, வுட்டுடுங்க" என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

வியாழக்கிழமை சிறையில் ஏமஸைப் பார்க்கப்போகிறேன். உன் சால்வைச் செய்தியையும் சொல்கிறேன். சிரிக்கட்டும் பயல்.

வெற்றி வாகையுடன்,
மாமன்

*

ஸ்கார்பரோ,
அக்டோபர் 1

அன்புள்ள மாமாவுக்கு, உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? எனக்குச் சமையலறைச் சூட்டில் இருமல் மட்டும்.

வியாழக்கிழமைகள் நான்கு போய்விட்டன. உங்களிடமிருந்து ஒன்றும் வரவில்லை. அண்ணனைப் பார்த்தீர்களா? இளைத்திருக்கிறானா? சால்வையைப் பற்றிச் சொன்னபோது என்ன சொன்னான்? பெருமூச்சு விட்டான் என்றாலும் அப்படியே எழுதுங்கள்.

ஹெஸ்டர்

*

கிரிம்வொர்த்,
அக்டோபர் 9

மருமகளுக்கு மாமன் எழுதுவது. இருமலுக்குத் தேன் சாப்பிடு. எழுதத் தாமதமானதற்குக் காரணம் எலும்பு.

தோட்டத்தில் ஒரு முட்டைக்கோசு விளைந்திருக்கிறது. அதன் நிழலில் பாதிரியார் ஒரு பிரசங்கமே நடத்தலாம். கர்னலின் மீசையில் ஒரு குருவி கூடு கட்டியதாகவும் கேள்வி.

ஏமஸ் நலம். உன் செய்தியைச் சொன்னேன். கேட்டுக்கொண்டான்.

கர்னலிடம் மறுபடி வாக்குமூலம் கொடுத்திருக்கிறான். கொடி இருந்ததாம், இவன்தான் கவனிக்கவில்லையாம். மனிதன் என்றால் கவனம் பிசகாதா? பிக்கிள்ஸ் நல்லவன்தான், நாம் அவசரப்பட்டுவிட்டோம். ஜன்னலுக்குக் கண்ணாடி போட்டாகிவிட்டது. அவன் பெண்ணுக்கு ஒரு ஜோடி செருப்பு செய்து கொடுத்தேன்.

வழக்கு டிசம்பரில், லீட்ஸ் பெரிய கோர்ட்டில். குற்றத்தை ஒப்புக்கொள்ளப்போகிறான். நீ வரவேண்டாம், வேலை போய்விடும்.

மாமன்

*

ஸ்கார்பரோ,
அக்டோபர் 14

மாமாவுக்கு, நலம். உங்கள் நலம் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

கோசுக்குக் கொடுத்த இடத்தில் பாதிகூட அண்ணனுக்குக் கொடுக்கவில்லை. ஆகஸ்டில் பிக்கிள்ஸ் பொய்யன். செப்டம்பரில் அவன் பைபிளைத் தொட்டால் பைபிளுக்கு வலிக்கும். அக்டோபரில் அவன் பெண் காலில் உங்கள் செருப்பு. நடுவில் நடந்தது ஒன்றே ஒன்றுதான். நீங்கள் அண்ணனைப் பார்த்திருக்கிறீர்கள்.

செய்யாததைச் செய்தேன் என்று சொல்கிறவன் இல்லை அவன். ஒப்புக்கொண்டால் எத்தனை வருஷம் கல் உடைக்கப் போடுவார்கள் என்று விடுதிக்கு வந்த ஒரு வக்கீல் குமாஸ்தாவிடம் கேட்டேன். அவர் சொன்னதை இங்கே எழுத எனக்குக் கை வரவில்லை.

அவனை அடித்தார்களா? யாராவது மிரட்டினார்களா? "கேட்டுக்கொண்டான்" என்று எழுதியிருக்கிறீர்கள். கேட்டுவிட்டு என்ன சொன்னான்?

ஹெஸ்டர்

*

கிரிம்வொர்த்,
நவம்பர் 2

மருமகளுக்கு, இருமல் எப்படி? இங்கே பனி. நேற்று என் மூக்கு உறைந்து கீழே விழுந்தது. பக்கத்து வீட்டு நாய் கௌவிக்கொண்டு ஓட, மூன்று மைல் துரத்தி மீட்டேன். முன்னைவிட இப்போது நேராக இருக்கிறது.

யாரும் அடிக்கவில்லை. யாரும் மிரட்டவில்லை. அவன் நன்றாகச் சாப்பிடுகிறான், என்னைவிட.

குளிருக்கு நன்றாகப் போர்த்திக்கொள். அந்தச் சிவப்புச் சால்வை வேண்டாம். உன் நிறத்துக்கு அது என்றைக்கும் எடுத்ததில்லை. அதைப் பற்றி யாரிடமும் பேசிக்கொண்டிருக்காதே. சாம்பல் நிறத்தில் ஒன்று அனுப்பியிருக்கிறேன்.

மாமன்

*

ஸ்கார்பரோ,
நவம்பர் 5

மாமாவுக்கு,

சாம்பல் சால்வை வந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் புரிந்தது. இவ்வளவு நாள் புரியாமல் இருந்ததற்காக என்னையே அடித்துக்கொள்ளலாம்.

அவன் கடைசிப் பெட்டியைப் பார்த்திருக்கிறான். அங்கே சிவப்பாக ஒன்று ஆடியிருக்கிறது. தங்கை சொன்னபடி சால்வை கட்டிவிட்டாள் என்று நினைத்திருக்கிறான். அது பிக்கிள்ஸின் கொடி. அதனால்தான் கொடியே இல்லை என்று அவ்வளவு உறுதியாகச் சொன்னான். நீங்கள் போய், சால்வை கட்டவே இல்லையாம் என்று சொல்லும்வரை.

நான்தான் உங்களைச் சொல்லச் சொன்னேன். மன்னிப்புக் கேட்கச் சொன்னேன்.

இல்லை என்று எழுதுங்கள் மாமா. எப்போதும்போல ஒரு பொய்யாவது எழுதுங்கள்.

ஹெஸ்டர்

*

கிரிம்வொர்த்,
நவம்பர் 9

ஹெஸ்டருக்கு,

முடியவில்லை அம்மா.

அன்றைக்கு நான் சிரித்துக்கொண்டேதான் உள்ளே போனேன். பிக்கிள்ஸை ஊர் படுத்தும் பாட்டைச் சொன்னேன். ஏமஸும் சிரித்தான். கிளம்பும்போது, "உன் தங்கச்சி மன்னிப்புக் கேட்டாடா. சால்வையக் கட்ட முடியலியாம், மூட்டையிலயே இருந்துடுச்சாம்" என்றேன்.

"இன்னொரு தடவ சொல்லுங்க மாமா" என்றான்.

சொன்னேன்.

"கடைசிப் பெட்டியில அவ இல்லியா?"

"இல்லியாம்."

அவன் வலது கையைத் தூக்கிப் பார்த்தான், அது யாருடைய கையோ என்பதுபோல. பிறகு சொன்னான், "நான் அதுக்குத் தொப்பியக் கழட்டி ஆட்டினேன் மாமா. மறையுற வரைக்கும் ஆட்டினேன். அப்புறம் திரும்பி நிலக்கரி வண்டிக்கு வழி வுட்டேன்."

காவலர் வந்து நேரமாகிவிட்டது என்றபோதுதான் என் சட்டையைப் பிடித்தான். "அவளுக்குத் தெரியக்கூடாது. கோர்ட்டுல அவ பேரு வரவே கூடாது. ஒம்பது வூட்டுக்காரங்க அந்தப் பேர வாயில வச்சு மெல்லுவாங்க. நான் பாக்கல, என் தப்புன்னு சொல்லி முடிச்சுடறேன். சத்தியம் பண்ணுங்க." செய்தேன். என் வாழ்க்கையில் நான் காப்பாற்ற முயன்ற ஒரே சத்தியம், அதையும் ஒரு சால்வை வாங்கி அனுப்பிக் கெடுத்துக்கொண்டேன்.

பிக்கிள்ஸிடம் மன்னிப்புக் கேட்டேன். காரணம் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை.

வராதே. அவன் உன்னைக் காப்பாற்றுவதற்காகத்தான் உள்ளே போகிறான். அவனுக்கு மிச்சம் இருப்பது அது ஒன்றுதான். டைசனின் மனைவி இன்னும் தினம் மாலையில் கொம்பைத் துடைத்து வைக்கிறாள். நீ இந்த ஊரில் எப்படி நடப்பாய்?

ஈனாக்

*

ஸ்கார்பரோ,
நவம்பர் 13

மாமாவுக்கு, உங்கள் எலும்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வருகிறேன். சிவப்பைப் போர்த்திக்கொண்டு வருகிறேன். அண்ணனின் வக்கீலிடம் என் பெயரைச் சாட்சியாகக் கொடுத்துவிடுங்கள். நீங்கள் கொடுக்காவிட்டால் நானே கொடுப்பேன்.

குற்றவாளிக் கூண்டில் நிற்கிறவன் தன் கதையைத் தானே சொல்லச் சட்டம் விடாதாமே. அப்படியென்றால் அதைச் சொல்ல உலகத்தில் நான் ஒருத்திதான் இருக்கிறேன்.

ஹெஸ்டர்

*

கிரிம்வொர்த்,
டிசம்பர் 20

மருமகள் ஹெஸ்டருக்கு மாமன் எழுதுவது. நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தாயா? இருமல் விட்டதா? சாட்சி சொன்ன கையோடு ரயிலுக்கு ஓடிவிட்டாய். லீட்ஸிலிருந்து அடித்த தந்தியில் "விட்டார்கள், வருகிறான்" என்பதற்குமேல் எழுத முடியவில்லை. நீ பார்க்காததை எழுதுகிறேன். அலங்காரம் இல்லாமல் எழுத முயல்கிறேன். எனக்கு அது பழக்கமில்லாத வேலை.

முதலில், குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்டார்களே, அவன் ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தான். அந்த நேரத்தில்தான் நீ வாசலில் சிவப்பாக நின்றாய். பார்த்துவிட்டான். வாய் திறந்தது திறந்தபடியே இருந்தது, சத்தம் வரவில்லை. மறுபடி கேட்டார்கள். உன்னையே பார்த்துக்கொண்டிருந்தான். வாய் பேசாதவன் குற்றத்தை மறுத்ததாக எழுதிக்கொள்வதுதான் சட்டமாம். எழுதிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு சாட்சிகளை வெளியே அனுப்பினார்கள், நீயும் போனாய்.

நீ சாட்சிக் கூண்டில் ஏறியபோது எதிர்வக்கீல் உன்னைக் கேட்டாரே, "சால்வைக்கும் கொடிக்கும் வித்தியாசம் தெரியாத ஆளையா கைகாட்டியில உக்கார வச்சிருந்தாங்க?" என்று. அதற்கு நீ, "தெரியும்ங்க. ரெண்டும் செவப்பு. ஒண்ணுதான் வந்துச்சு. அது நானுன்னு நெனச்சுட்டான்" என்றாய்.

அடுத்து பிக்கிள்ஸ். அவனுக்கு நம்மேல் எவ்வளவு வஞ்சம் இருந்தாலும் அது நியாயம். நீ கொடுத்துவிட்டுப் போன சால்வையையும் அவன் கொடியையும் மண்டபத்தின் அந்தக் கோடியில் ஒரு சேவகன் தூக்கிப் பிடித்தான். "உம்ம கொடி எது?" என்றார்கள். வெகுநேரம் பார்த்தான். "கொடியக் கட்டுனது நான்தான். அத மாத்திச் சொல்ல மாட்டேன். ஆனா இதுல எது என்னோடதுன்னு எனக்கே தெரியலீங்க" என்றான். கர்னலும் சொன்னார், நூற்றுக்கணக்கான உயிரை ஒரு முழத் துணியில் தொங்கவிட்டது யார் என்றுதான் முதலில் கேட்கவேண்டும் என்று. கம்பெனி ஆட்கள் கூரையைப் பார்த்தார்கள். பீட்லேனுக்கு இப்போது தந்திக் கம்பம் நடுகிறார்கள்.

ஜூரிகள் வெளியே போனார்கள், வந்தார்கள். விட்டார்கள்.

வெளியே டைசனின் மனைவி நின்றாள். "அவன விட்டதுல எனக்கு வருத்தம் இல்ல ஈனாக். ஆனா எங்க வாசல் வழியா அவன் நடக்க வேணாம்" என்றாள். அவன் நடப்பதில்லை. கல் குவாரியில் வேலை கிடைத்திருக்கிறது. மலையைச் சுற்றிக்கொண்டு போகிறான். ரயில் சத்தம் கேட்டால் காதைப் பொத்துவதில்லை, வேலையை நிறுத்திவிட்டு அது தீரும்வரை நிற்கிறான். சாப்பிடுகிறான். தூங்குகிறான் என்று சொன்னால் அது பொய்.

உன்மேல் கோபமா என்று கேட்டேன். செருப்பை மாட்டிக்கொண்டு குவாரிக்குக் கிளம்பிவிட்டான். நேற்று அவனாகவே ஒன்று கேட்டான். "அன்னிக்கு அவ எந்தப் பெட்டியில இருந்தா மாமா?"

எனக்குத் தெரியாது. நீ எழுது.

மாமன், ஈனாக்

*

ஸ்கார்பரோ,
டிசம்பர் 24

அன்புள்ள மாமாவுக்கு ஹெஸ்டர் எழுதுவது. இருமல் விட்டது. நாளைக்குப் பண்டிகை. விடுதியில் பதினெட்டு வாத்து வறுக்கவேண்டும், அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

மூன்றாவது பெட்டி. பீட்லேன் பக்கத்து ஜன்னல். ஒரு தடித்த அம்மாளின் முழங்கைக்கு மேல் தலையை நீட்டி அண்ணனைப் பார்த்தேன். கைகாட்டிக் கேபின் படியில் நின்றான். கைக்குட்டையை ஆட்டினேன், கூப்பிட்டேன். அவன் பார்வை என்னைத் தாண்டிப் பின்னால் போயிற்று. கடைசிப் பெட்டி வந்ததும் அவன் முகம் மலர்ந்தது. தொப்பியைக் கழற்றி ஆட்டினான். எனக்காகத்தான் என்று எனக்குத் தெரியும். வேறு எங்கோ பார்த்துக்கொண்டு ஆட்டுகிறானே, மடையன், என்று சிரித்தேன். வளைவில் மறையும்வரை பார்த்துக்கொண்டே போனேன்.

கோர்ட்டில் இதை யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அவனிடம் சொல்லுங்கள். அவன் ஆட்டியது அந்தக் கொடிக்குப் போகவில்லை. எனக்கு வந்து சேர்ந்துவிட்டது.

அவன் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் எலும்பையும்.

ஹெஸ்டர்